தந்தையைத் திருத்தப் போகும் பிள்ளைகள்

காஞ்சிபுரத்தில் வயதைச் சொல்வதற்கு ஒரு தனி வழக்கு உண்டு. ‘அத்திவரதரை எழுப்பியபோது நான் மடிப்பிள்ளை’ என்பார் ஒரு பெரியவர். ‘அடுத்த தடவை எழுப்பும்போது நான் இருக்கமாட்டேன்’ என்பார் இன்னொருவர். வரதராசப் பெருமாள் கோயில் குளத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும் அத்திமரத் திருவுருவை நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். 1979-இல் எடுத்தார்கள், பிறகு 2019 ஜூலையில் தொடங்கி 48 நாட்கள் வைத்தார்கள், இனி 2059-இல்தான். இது நம் சகோதர சமயத்தாரின் வழிபாடு. ஆயினும் அவர்களோடு ஒரே ஊரில் வாழும் முஸ்லிம் குடும்பங்களும் அந்த நாற்பதாண்டுக் கணக்குக்கு வெளியே நிற்க முடிவதில்லை. ஊர் முழுவதற்குமான கடிகாரம் அது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அதன் முள் நகரும்.

2019-இல் நம் வீட்டு வாசலில் வழிப்போக்கருக்காகத் தண்ணீர்ப் பானை வைத்திருந்தோம். குவளையோடு அதனருகே நின்றவள் நம் சகோதரியின் மகள். “1979-இல் இதே வாசலில் இதே மாதிரி உன் அம்மா நின்றாள், அப்போது அவளுக்கு எட்டு வயது” என்றார் நம் அத்தா. பதினைந்து வயதுப் பேத்தி சற்று நேரம் அசையாமல் நின்றாள். “அப்படின்னா அம்மா என்னைவிடச் சின்னப் பொண்ணா இருந்தாங்களா, நன்னா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவள் சிரிக்கவில்லை. தன்னைவிட இளையவளாகத் தன் தாய் ஒரு காலத்தில் இதே படியில் நின்றிருக்கிறாள் என்பது அவளுக்கு ஒரு அதிசயமாகவே பட்டது. அதிசயம்தான் அது. காலப் பயணக் கதைகள் அனைத்தும் இந்த ஒரு வியப்பிலிருந்து பிறந்தவை என்றே நாம் கருதுகிறோம்.

சென்ற நோன்புப் பெருநாள் மாலை, விருந்துண்ட களைப்பில் மூன்று தலைமுறையினரும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தபோது, ஆர். ரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’ ஓடிக்கொண்டிருந்தது. 2015-இல் வந்த படம். அதைப் பார்த்து முடித்ததும் நம் மருமகள், இப்போது கல்லூரியில் படிப்பவள், தன் நன்னாவிடம் கேட்டாள்: “உங்க கையிலே அந்தப் பெட்டி கிடைச்சா எந்த வருஷத்துக்குப் போவீங்க, நன்னா? போய் எதை மாத்துவீங்க?” பட்டு நூல் கடையொன்றில் ஐம்பது ஆண்டுக் காலம் கணக்கு எழுதிய மனிதர் அவர். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் பதில் சொல்லமாட்டார். “யோசித்துச் சொல்கிறேன்” என்றார். அவர் யோசித்த நேரத்தில் நாமும் யோசித்தோம். அந்த யோசனையின் விளைவே இக்கட்டுரை.

காலத்தில் பயணம் செய்யும் பொறியை ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1895-இல் தம் புதினத்தின் மூலம் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவருடைய பயணி எதிர்காலத்துக்கே போனார். ஆதலால் முன்னோர் எவருக்கும் ஆபத்து நேரவில்லை. சிக்கல் பின்னோக்கிப் போவதில்தான் இருக்கிறது. ஒருவன் தன் பாட்டனின் இளமைக் காலத்துக்குப் போய், அவருக்குத் திருமணமாகும் முன்பே அவரைக் கொன்றுவிட்டால், அவனுடைய தந்தை பிறக்கமாட்டார். தந்தை பிறவாவிட்டால் அவனும் பிறக்கமாட்டான். பிறவாதவன் போய்க் கொன்றது எப்படி? 1940-களில் பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பார்ஜாவெல் இந்த முடிச்சை மையமாக வைத்து ஒரு புதினம் எழுதினார். இது ‘பாட்டன் முரண்’ என்றே பெயர் பெற்றிருக்கிறது.

அறிவியலார் இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிடவில்லை. முன்னோக்கிய பயணம் மிகச் சிறிய அளவில் உண்மையிலேயே நிகழ்கிறது. 1971-இல் ஹாஃபலே, கீட்டிங் என்னும் இருவர் அணுக் கடிகாரங்களை விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து, அவை தரையில் இருந்த கடிகாரங்களோடு நொடியின் நுண்ணிய பகுதியளவு வேறுபட்டதைக் கண்டார்கள். இன்று நம் கைபேசிக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரைக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடி விரைந்து ஓடுகின்றன. அதைத் திருத்தாவிட்டால் வழி தவறும். பின்னோக்கிய பயணத்துக்கோ கணக்கில் மட்டுமே இடமுண்டு. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு அத்தகைய விடையொன்று இருப்பதை 1949-இல் குர்ட் கோடெல் காட்டினார். இயற்கையே அதை அனுமதியாது என்று 1992-இல் ஸ்டீஃபன் ஹாக்கிங் ஒரு கருத்தை முன்வைத்தார். அவர் 2009-இல் காலப் பயணிகளுக்கென்று ஒரு விருந்து வைத்து, விருந்து முடிந்த பிறகு அழைப்பிதழை வெளியிட்டதும், ஒருவரும் வராததைத் தம் கருத்துக்குச் சான்றாகச் சொன்னதும் பலரும் அறிந்த வேடிக்கை.

முன்னோக்கிய பயணம் நமக்குப் புதிய செய்தியன்று. குகைத் தோழர்களின் வரலாற்றை நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லி வருகிறோம். முந்நூறு ஆண்டுகளும் மேலும் ஒன்பதும் உறங்கி எழுந்தவர்கள், ஒரு நாளோ அதிற் சிறிதோதான் கழிந்ததென எண்ணி, கையிலிருந்த வெள்ளிக் காசோடு உணவு வாங்க ஒருவரை நகருக்கு அனுப்பினார்கள். வேதம் சொல்லும் வரலாற்றைச் சிரிப்புக் கதைகளோடு ஒரு தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. காலம் என்பதைப் பற்றி அது நம் மனத்தில் பதித்திருக்கும் முறையை மட்டும் சுட்டுகிறோம். அங்கே மனிதன் காலத்தைக் கடக்கிறான். ஆனால் கடந்தவற்றை அழித்தெழுதும் அதிகாரம் அவன் கையில் இல்லை. போன நாள் போனதே. திரைப்படமோ அந்த அதிகாரத்தை மனிதன் கையில் கொடுத்துப் பார்க்கிறது. கொடுத்தால் அவன் என்ன செய்வான் என்பதே இவ்வகைக் கதைகளின் உண்மையான கேள்வி. பொறி எப்படி ஓடுகிறது என்பது இரண்டாம் பட்சம்.

மேனாட்டு நகைச்சுவை இதற்கு ஒரு விதமாக விடை சொல்லியது. 1985-இல் வந்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில் ஓர் இளைஞன் 1955-க்குப் போய், தன் பெற்றோர் ஒருவரையொருவர் சந்திக்கவேண்டிய தருணத்தைத் தானே கெடுத்துவிடுகிறான். தாயாகவேண்டியவள் இவன்மீதே மனம் வைத்துவிடுகிறாள். இவன் கையிலுள்ள குடும்பப் புகைப்படத்தில் உருவங்கள் ஒவ்வொன்றாக மங்கி மறைகின்றன. 2001-இல் ‘ஃப்யூச்சுராமா’ என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரில் நாயகன் 1947-க்குப் போய்த் தனக்குத் தானே பாட்டனாகிவிடுகிறான். அதற்கும் முன்பே, 1959-இல், ராபர்ட் ஹைன்லைன் ஒரே ஆள் தனக்குத் தாயும் தந்தையுமாகும் சிறுகதையை எழுதிவிட்டார். இந்த நகைச்சுவையெல்லாம் முறை தவறிவிடுமோ என்ற அச்சத்தைத் தொட்டுச் சிரிக்க வைப்பவை. வம்சத்தின் தூய்மையைப் பேணும் நம் வீடுகளில் இதைக் கேட்டு முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் அவற்றுள்ளும் ஒரு பணிவான உண்மை ஒளிந்திருப்பதை மறுக்க முடியாது. நம் வம்சம் நாம் நினைப்பதுபோல் கருங்கல்லில் கட்டிய கோட்டையன்று. ஒரு பேருந்து தவறியிருந்தால், ஒரு கடிதம் சேராமற் போயிருந்தால், இல்லாமற் போயிருக்கும் ஒன்று.

தமிழ்ப் படங்கள் வேறு வழியில் போயிருக்கின்றன. நாம் பார்த்த வரையில் இங்கே பிள்ளை கடந்த காலத்துக்குப் போவது பெரும்பாலும் தந்தைக்காகவே. தந்தையைக் காப்பாற்ற, தந்தையின் பெயரைத் துலக்க, தந்தைக்கு நேர்ந்த அநீதியைத் தீர்க்க. மேனாட்டார் பாட்டன் முரணைக் கண்டு ‘நான் பிறக்காமல் போனால்?’ என்று அஞ்சிச் சிரிக்க, நம்மவர் ‘அத்தா நல்லவராக இல்லாமல் போனால்?’ என்று அஞ்சிச் சிரிக்கிறார்கள். இந்த வேறுபாட்டைத் திரை விமரிசகர் எவரும் உரிய அளவில் கருதியதாகத் தெரியவில்லை. ஆதலால் நான்கு படங்களை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, நம் வீட்டில் அன்று பார்த்த ‘இன்று நேற்று நாளை’. 2065-இல் ஒரு விஞ்ஞானி செய்து சோதனைக்காக 2015-க்கு அனுப்பிய பொறி, பிழைப்புக்கு வழியில்லாத இளங்கோவின் கையிலும், பலிக்காத சோதிடம் சொல்லும் அவனுடைய நண்பன் ஆறுமுகத்தின் கையிலும் சிக்குகிறது. விஷ்ணு விஷாலும் கருணாகரனும் அவ்விருவராக நடித்திருக்கிறார்கள். உலகையே மாற்றக்கூடிய பொறி கிடைத்தும் அவர்கள் செய்வதென்ன? காணாமற்போன பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் கடை திறக்கிறார்கள்! இப்படத்தின் மேன்மை இங்கேதான் இருக்கிறது. மனிதனுக்கு எத்தனை பெரிய ஆற்றல் கிடைத்தாலும் தன் பசியின் அளவுக்கே அதைப் பயன்படுத்துவான் என்பதை உரத்துச் சொல்லாமல் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடுகிறார் இயக்குநர்.

பிறகு கதாநாயகி அனு பிறந்த காலத்துக்கு அவர்கள் ஒரு பயணம் போகிறார்கள். யாருக்கும் தீங்கு செய்யும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்கள் அங்கே இருந்ததாலேயே, அன்று காவல் துறையினரின் குண்டுக்கு இரையாகியிருக்க வேண்டிய ரவுடி குழந்தைவேலு தப்பிவிடுகிறான். நிகழ்காலத்துக்குத் திரும்பிவந்தால் அவன் உயிரோடு எதிரே நிற்கிறான். காரண காரியத் தொடர்பை இவ்வளவு சுத்தமாக ஒரு சிரிப்புப் படத்தில் கட்டியிருப்பது பாராட்டத்தக்கது. ஒரு பிறப்பைப் பார்க்கப் போனவர்கள் ஒரு சாவைத் தடுத்துவிட்டார்கள். தடுத்த சாவு அவர்களையே துரத்துகிறது. குறையும் உண்டு. தன் பிறப்பின் நாளை ஒரு பெண் நேரில் காணும் வாய்ப்பு எத்தனை பெரிய தருணம்! நம் வீட்டுச் சிறுமி வாசற்படியில் உணர்ந்த வியப்பு அங்கே பொங்கியிருக்க வேண்டும். படமோ வில்லனைத் துரத்தும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. பிறந்தவளைவிடப் பிழைத்தவனிடத்தில்தான் திரைக்கதைக்கு அக்கறை.

இரண்டாவது, 2016-இல் விக்ரம் குமார் இயக்கிய ‘24’. இதை முழு நகைச்சுவைப் படமென்று சொல்ல முடியாது. ஆயினும் குறும்பு நிறைந்த படம். காலத்தைத் திருப்பும் கைக்கடிகாரத்தை 1990-இல் செய்யும் விஞ்ஞானி, அவருடைய இரட்டைச் சகோதரனான கொடியவன், கடிகாரம் பழுதுபார்க்கும் மகன் ஆகிய மூன்று வேடங்களிலும் சூர்யா நடித்தார். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். பெற்றோரை இழந்த கைக்குழந்தையை ரயிலில் பெற்றுக்கொண்ட ஒரு பெண், தன் வாழ்வையே அதற்காக மாற்றிக்கொண்டு, 26 ஆண்டுகள் தாயாக இருந்து வளர்க்கிறாள். சரண்யா பொன்வண்ணன் அந்தத் தாய். முடிவில் காலம் 1990-க்கே திரும்புகிறது, பெற்றவர்கள் பிழைக்கிறார்கள், படம் மகிழ்ச்சியாக முடிகிறது. நமக்கு மட்டும் மகிழ்ச்சி முழுமையாக வரவில்லை. அந்த வளர்த்த தாயின் 26 ஆண்டுகள் எங்கே போயின? அவள் கண்விழித்த இரவுகள், ஊட்டிய சோறு எல்லாம் நடக்காதவை ஆகிவிட்டன. பெற்றோரை மீட்பதற்குக் கொடுத்த விலை அது. விலை கொடுத்தது தவறென்று நாம் சொல்லவில்லை. விலை கொடுத்தோம் என்ற நினைவே இன்றிப் படம் கைதட்டுவதைத்தான் குறையென்கிறோம். ஹலீமா நாயகியின் பாலுறவை மறவாமல் போற்றும் சமுதாயத்தவர் நாம். வளர்த்தவளின் கணக்கு நம் கண்ணுக்குத் தவறாது.

மூன்றாவது, 2023 செப்டம்பரில் வெளிவந்த, ஆதிக் ரவிச்சந்திரன் இயக்கிய ‘மார்க் ஆண்டனி’. இங்கே பொறி ஒரு தொலைபேசி. 1975-இல் ஒரு விஞ்ஞானி செய்தது; 1995-இல் மெக்கானிக் மார்க்கின் கைக்கு வருகிறது. தன் தந்தை ஆண்டனி கொடியவன், தாயைக் கொன்றவன் என்று நம்பி அவன் பெயரையே வெறுத்து வளர்ந்தவன் மார்க். தன்னை மகனாக வளர்த்த ஜாக்கி பாண்டியனையே தெய்வமாக மதிப்பவன். தொலைபேசியில் பழைய காலத்தோடு பேசியதும் உண்மை தலைகீழாகிறது: தந்தை நல்லவர், வளர்த்தவனே வஞ்சகன். விஷாலும் எஸ்.ஜே. சூர்யாவும் தந்தை மகன் வேடங்களை ஆளுக்கு இரண்டாகத் தாங்கியிருக்கிறார்கள். 1995-லிருந்து மகன் பேச, 1975-லிருந்து தந்தை பதில் சொல்ல, இரண்டு சூர்யாக்களும் ஒருவரையொருவர் விஞ்சும் இடம் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பது. குடும்பத்தோடு பார்க்கும்போது நெளிய வேண்டிய இடங்களும் படத்தில் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நம் ஆட்சேபம் அதுவன்று. ‘தந்தை தீயவராயிருந்தால் பிள்ளை என்ன செய்வது?’ என்று மிகக் கனமான கேள்வியோடு தொடங்குகிறது இப்படம். ஒவ்வொரு குடும்பத்திலும் ஏதோ ஓர் அளவில் இருக்கும் கேள்வி இது. முன்னோர் அனைவரும் உத்தமர்களாய் இருந்த குடும்பம் எது? ஆனால் படம் அதற்கு விடை தேடாமல், கேள்வியையே ரத்துச் செய்துவிடுகிறது: தந்தை தீயவரே அல்லர், இன்னொருவன்தான் தீயவன்! குற்றத்தை ஒரு தோளிலிருந்து எடுத்து இன்னொரு தோளில் வைத்துவிட்டால் பிள்ளைக்கு எந்த மனப் போராட்டமும் இல்லை. தொலைபேசி இங்கே சாட்சிக் கூண்டாகப் பயன்பட்டதே தவிர, மன்னிக்கவோ, தவற்றைத் தவறென்று ஒப்புக்கொண்டே அன்பு செலுத்தவோ பயன்படவில்லை. தந்தையைத் திருத்தப் போன பிள்ளை, திருத்த ஒன்றுமில்லை என்ற ஆறுதலோடு திரும்புகிறான். சிரிப்பு மிஞ்சுகிறது, கேள்வி அப்படியே கிடக்கிறது.

நான்காவது, நம் வாசகர்கள் தனி அக்கறையோடு பார்த்திருக்கக்கூடிய ‘மாநாடு’. 2021 நவம்பரில் வந்தது. வெங்கட் பிரபு இயக்கியது. கதாநாயகன் பெயர் அப்துல் காலிக், சிலம்பரசன் நடித்தார். நண்பனின் திருமணக் காரியமாகத் துபாயிலிருந்து வருபவன், முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிம் மீது போட்டுக் கலவரம் மூட்டும் சதியில் சிக்கி உயிரிழக்கிறான். உடனே அதே நாளின் காலையில் விமானத்தில் கண்விழிக்கிறான். மீண்டும் சாவு, மீண்டும் அதே காலை. படைத்தவனின் அடியான் என்று பொருள்படும் பெயருடையவன், ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்ந்து, நடக்கவிருக்கும் கலவரத்தைத் தடுக்கப் போராடுகிறான். தமிழ்த் திரையில் தாடியும் தொப்பியும் வெடிகுண்டுக்கு அடையாளமாகிப் போயிருந்த காலத்துக்குப் பிறகு, பழி சுமத்தப்படும் இடத்தில் நிற்பவனையே பார்வையாளன் தன் நாயகனாக ஏற்றுக்கொண்டு கைதட்டியது சிறிய செய்தியன்று.

காலிக்குக்கு இந்த ஆற்றல் வந்ததற்குக் காரணமாக அவன் பிறப்பைச் சொல்கிறது கதை. கலவரத்தில் சிக்கிய தாய் உஜ்ஜயினியில் ஒரு கோயிலில் அவனைப் பெற்றெடுத்தாளாம். இதை நல்லிணக்கம் என்று மகிழ்வோரும் உண்டு. முஸ்லிம் நாயகனின் ஆற்றலுக்கும் வேறிடத்து முத்திரை வேண்டியதாயிற்றே என்று முணுமுணுப்போரும் உண்டு. நாம் கவனிக்க விரும்புவது வேறு. எஸ்.ஜே. சூர்யா நடித்த காவல் அதிகாரி தனுஷ்கோடியும் அதே சுழலில் சிக்கி, நடந்ததையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறான். காரணம், காலிக்கின் குருதி அவன் உடலில் கலந்துவிட்டது! இயக்குநர் வேடிக்கைக்காகச் செய்த இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய உண்மை தன்னையறியாமல் வந்து அமர்ந்திருக்கிறது. ஒரே குருதி, ஒரே ஆற்றல், ஒரே நாள். ஒருவன் அதைக் கொண்டு உயிர்களைக் காக்கிறான், மற்றவன் அழிக்கிறான். அப்படியானால் மனிதனை நல்லவனாக்குவது குருதியன்று, வம்சமும் அன்று. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை, இறையச்சத்தால்தான் உண்டு என்று நாம் மேடைதோறும் சொல்லிவருவதை ஒரு சிரிப்புப் படம் வாய் திறவாமல் சொல்லிவிட்டது. நான்கு படங்களில் வம்சம் பற்றிய சிந்தனையில் மிகவும் முன்னே நிற்பது இதுவே என்பது நம் முடிவு.

இனி நம் ஊருக்கே திரும்புவோம். காஞ்சிபுரத்துப் பட்டில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்து கோப்பதைக் கோர்வை என்பார்கள். அதற்குத் தறியில் ஒருவர் போதாது. மறுபக்கக் கரையின் நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும். ஒரு பாவு தீர்ந்து புதிய பாவு ஏற்றும்போது, பழைய இழையின் முனையோடு புதிய இழையின் முனையை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று விடுபட்டாலும் துணியில் தெரியும். தலைமுறை என்பதற்கு இதைவிட நல்ல உருவகம் நமக்குக் கிடைக்கவில்லை. பழைய பாவை அறுத்தெறிந்துவிட்டுப் புதிய பாவை அந்தரத்தில் தொடங்க முடியாது.

இதை எண்ணிக்கொண்டிருக்கையில்தான் அத்தா பேசினார். கணக்கு முடிந்துவிட்டது போலும். பேத்தியைப் பார்க்காமல், நம் சகோதரியைப் பார்த்துச் சொன்னார்: “1984-க்குப் போவேன். பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேனே, அந்தக் காலையிலே போய் நிற்பேன். நிறுத்தாதே என்று எனக்கே சொல்வேன்.”

நாற்பது ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து இதை நாம் கேட்டதில்லை. எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நம் சகோதரி. ‘வயசுக்கு வந்த பிள்ளை, போதும்’ என்ற ஒரு சொல்லில் அந்தப் படிப்பு முடிந்தது. அன்று ஊரில் எத்தனையோ வீடுகளில் முடிந்தது. அவள் அழுததை நாம் அறிவோம். பிறகு அழாமல் இருந்ததையும் அறிவோம்.

சகோதரி சற்று நேரம் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “என்னைப் படிக்க வச்சிருந்தா இவங்க அத்தாவுக்கு என்னைக் கொடுத்திருக்க மாட்டீங்க, அத்தா. இவ பிறந்திருக்க மாட்டா.”

அறையில் எவரும் பேசவில்லை. பாட்டன் முரணைப் பற்றி நூல்களில் படித்த அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்தில் நம் வீட்டுக்குள் வந்து அமர்ந்துவிட்டன. தவறு நடக்காதிருந்தால் இந்தப் பிள்ளை இல்லை. பிள்ளை வேண்டுமென்றால் அந்தத் தவறும் வேண்டுமா? ஆங்கிலத் தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட நூலொன்றில் இக்கேள்வியை ஆராய்ந்தார். ஒருவர் பிறப்பதற்கே காரணமாயிருந்த செயலை, அவருக்குக் கெடுதல் செய்ததென்று எப்படிச் சொல்வது என்பது அவருடைய புதிர். நம் சகோதரி அந்நூலைப் பார்த்தவளல்லள். எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அத்தாவை ஆறுதல்படுத்தவே அவள் அப்படிச் சொன்னாள். அதனால் 1984-இல் செய்தது சரியென்று ஆகிவிடாது. விளைவு இனித்ததற்காக அநீதியை நியாயமாக்கிவிடலாம் என்றால், எந்தப் பெண்ணின் படிப்பையும் எவரும் நிறுத்தலாம். பின்னால் எப்படியும் ஒரு குழந்தை பிறந்து சிரிக்கும்! அத்தாவும் அந்த ஆறுதலை ஏற்கவில்லை. “ஊடை தப்பினால் நாலு விரல் பிரித்து மறுபடி நெய்யலாம். பாவிலே தப்பினால் பிரிக்க முடியாது, முடியாது என்பதால் தப்பு தப்பில்லை என்று ஆயிடாது” என்றார். பழைய கணக்குப்பிள்ளையின் தீர்ப்பு அது.

மேலே சொன்ன படங்கள் தொடத் தயங்கிய இடம் இதுதான். தந்தை தவறு செய்தார், அவர் கொடியவரல்லர், அத்தவற்றின் மேல்தான் நம் வாழ்வு நெய்யப்பட்டிருக்கிறது, அதைப் பிரிக்கவும் முடியாது, மறைக்கவும் கூடாது. இந்நான்கையும் ஒருசேரத் தாங்கும் கதை இன்னும் திரைக்கு வரவில்லை. இலக்கியத்தில் வந்திருக்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் நூலாக வெளிவந்தது. ஊரில் பள்ளிக்கூடம் வருவதையே எதிர்க்கும் செருக்குமிக்க முதலாளியை அதில் நாம் காண்கிறோம். அவரைத் திருத்த எழுத்தாளர் எந்தப் பொறியையும் அனுப்பவில்லை. போய்ப் பார்த்தார், பார்த்ததை ஒளிக்காமல் எழுதினார். முன்னோரிடம் போவதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் நம்பகமான வண்டி எழுத்துதான். அதில் ஏறினால் எதையும் மாற்ற முடியாது. எல்லாவற்றையும் பார்க்க முடியும்.

நம் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வம்ச வரலாறென்றால் பெருமை பேசுவது என்றும், காலப் பயணமென்றால் கேலிக்கூத்து என்றும் எண்ணி ஒதுங்கவேண்டாம். நன்னாவின் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து, அவர் எந்த ஆண்டின் முன் நின்று தயங்குகிறார் என்று எழுதிப் பாருங்கள். சிரிப்பும் வரும்; சிரிப்பு நிற்கும் இடமும் வரும். தவ்பா என்பதும் பின்னோக்கிப் போய் அழிப்பதன்று. தவற்றைத் தவறென்று ஒப்பி, வருந்தி, இனி வரும் நாட்களின் பக்கம் முகத்தைத் திருப்புவது அது.

அன்றிரவு புறப்படும்போது நம் மருமகள் தன் தாயிடம் ஏதோ படிவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வயது வரம்பு இல்லையாம். “இந்த வயசிலேயா?” என்றாள் சகோதரி. மறுக்கும் குரலாக அது நமக்குப் படவில்லை. அத்தா தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, “கணக்குப் பாடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.